இணையதளத்துக்கு ஒரு எளிய ஸ்லைடுஷோ: எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன்?

நடுகல், கல்வெட்டு, பழைய கட்டடம் என்று எதையாவது தேடிப்போய்ப் படம் எடுத்து, அதைப் பற்றி நாலு பத்தி எழுதி இணையத்தில் போடுகிறவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. "பத்துப் படம் இருக்கு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போட்டா பக்கம் அனுமார் வால் மாதிரி நீளுது. சிம்பிளா ஒரு ஸ்லைடுஷோ போடணும். எந்த ஜாவாஸ்கிரிப்ட் நல்லது?"

கூகுளில் தேடினால் "சிறந்த 25 ஸ்லைடர்கள்" என்ற மாதிரி பட்டியல்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றில் பெரும்பாலும் எஃபெக்ட் பற்றித்தான் பேச்சு இருக்கும்: படம் மங்கி மறையுமா, கனசதுரம் மாதிரி சுழலுமா, சீட்டுக்கட்டு மாதிரி கலையுமா என்று. கடை வாசலில் மின்னும் சீரியல் விளக்குக்கு அது சரி. ஆராய்ச்சிக் குறிப்புக்கு அது முக்கியமில்லை. நம் பக்கத்தில் படம் என்பது அலங்காரம் இல்லை, சான்று. நான் எழுதியதை வாசகர் நம்பணுமா வேண்டாமா என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்கிறார்.

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்கிரிப்டே இல்லாமல் பக்கத்தை எழுதுங்கள். எல்லாப் படமும், எல்லா விளக்கமும் அதில் இருக்கட்டும். அதன்மேல் ஒரு மெல்லிய போர்வையாக மட்டும் ஸ்லைடுஷோவைப் போடுங்கள். போர்வையை உருவினாலும் உள்ளே இருப்பது முழுசாகத் தெரியணும். இந்தச் சோதனையில் தேறுகிற எந்த ஸ்லைடுஷோவும் நல்ல ஸ்லைடுஷோதான். தேறாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். ஏன் என்பதையும், எப்படிச் செய்வது என்பதையும் கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டன் யார் கையில்?

ஸ்லைடுஷோவுக்கு வெப் டிசைனர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் கேரசல். ராட்டினம் என்று பொருள். கோடாக் நிறுவனம் 1961-இல் 'கேரசல்' என்ற பெயரில் ஒரு புரொஜெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தலையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதில் 80 ஸ்லைடுகளைச் செருகலாம். பட்டனை அழுத்தினால் தட்டு ஒரு படி நகரும், அடுத்த ஸ்லைடு விளக்குக்கு முன்னால் விழும். வகுப்பறையிலும் கருத்தரங்கிலும் பல பத்தாண்டுகள் ஓடிய இயந்திரம் அது. 2004-இல் கோடாக் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த அறையில் பட்டன் ஒருவர் கையில் இருந்தது. பேச்சாளர் ஒரு படத்தைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை படம் நிற்கும். யாராவது கை தூக்கி "முந்தின படத்தைக் காட்டுங்க" என்று கேட்டால் தட்டு பின்னால் நகரும். இணையப் பக்கத்தில் பேச்சாளர் இல்லை. அப்படியென்றால் பட்டன் யார் கையில் இருக்கணும்? வாசகர் கையில்தான். ஆனால் ஏராளமான ஸ்லைடர்கள் அதை ஒரு டைமர் கையில் கொடுத்துவிடுகின்றன. மூணு நொடிக்கு ஒரு தடவை படம் தானாக மாறும். கல்வெட்டின் இரண்டாவது வரியைக் கண் தேடிக்கொண்டிருக்கும்போதே படம் போய்விடும்.

இது வெறும் எரிச்சல் சார்ந்த விஷயம் இல்லை. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தை அப்போது கவனித்துவந்த எரிக் ரன்யன், 2013-இல் தங்கள் முகப்புக் கேரசலின் கணக்கை வெளியிட்டார். முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் கேரசலில் எதையாவது சொடுக்கியிருந்தார்கள். அந்தச் சொடுக்குகளிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கே போயிருந்தது. மீதி நாலு படங்களும் ஆளுக்கு 4 சதவீதம் அளவில் பங்குபோட்டுக்கொண்டன. ஒரு பல்கலைக்கழக முகப்பும் நம் குறிப்புப் பக்கமும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டாவது ஸ்லைடில் ஒளித்துவைத்ததைப் பெரும்பாலோர் பார்க்கப்போவதில்லை என்ற எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். கட்டுரையின் வாதமே ஒரு படத்தில் நிற்கிறது என்றால், அந்தப் படத்தை ஸ்லைடுஷோவுக்குள் போடாதீர்கள். வெளியே, அந்தப் பத்திக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

தானாக ஓடுவது பற்றி ஒரு விதிமுறையும் இருக்கிறது. இணைய அணுகல் வழிகாட்டி, அதாவது டபிள்யூசிஏஜி, 2.2.2 என்ற பிரிவில் சொல்வது இது: தானாகத் தொடங்கி, ஐந்து நொடிக்கு மேல், மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசைகிற எதற்கும் நிறுத்திவைக்க ஒரு வழி கொடுக்கணும். இது அடிப்படை நிலையான 'ஏ' மட்டத்திலேயே வருகிறது. அசைவு சிலருக்குத் தலைச்சுற்றலையும் குமட்டலையும் தரும். மெதுவாக வாசிப்பவருக்கு வாசித்து முடிக்கவே விடாது. தானாக ஓடும் வசதியைச் சேர்த்து, அதை நிறுத்த ஒரு பட்டனையும் சேர்த்து, அந்தப் பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்குப் பதிலாக, தானாக ஓடுவதையே விட்டுவிடலாம். அரை நாள் வேலை மிச்சம்.

வாசகர் அந்தப் படங்களை வைத்து என்ன செய்யப்போகிறார்?

லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நாலு விதமான வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, ஒப்பிடுவது. ஒரு நடுகல்லின் புகைப்படமும் அதன் மைப்படியும் இருக்கிறது என்று வையுங்கள். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்து இருக்கும். கல்லில் வெயில் விழும் கோணத்தைப் பொறுத்து சில கோடுகள் தெரியும், சில மறையும். மைப்படியில் வேறு சில தெரியும். வாசகர் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கணும். இதற்கு ஸ்லைடுஷோ சுத்தமாக உதவாது, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அது காட்டும். கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹைன்ரிக் வோல்ஃப்லின் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பில் இரண்டு புரொஜெக்டர்களை வைத்து இரண்டு படங்களை அருகருகே காட்டிப் பாடம் நடத்தியதற்குக் காரணம் இதுதான். நாமும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கணும். மொபைலில் மேலும் கீழுமாக வந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, தேர்ந்தெடுப்பது. ஒரு ஊரில் எடுத்த 40 படங்களில் தனக்கு வேண்டிய ஒன்றை வாசகர் தேடுகிறார் என்றால், சின்னச் சின்னப் படங்களாகக் கட்டம் போட்டுக் காட்டுவதுதான் வழி. 40 தடவை 'அடுத்து' பட்டனை அழுத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

மூன்றாவது, உற்றுப் பார்ப்பது. ஒரே படம், ஆனால் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கணும். இதற்குத் தேவை திரை முழுக்க விரியும் லைட்பாக்ஸ் வகை. அல்லது இன்னும் எளிதாக, பெரிய அளவுப் படத்துக்கு ஒரு சாதாரண இணைப்பு. மீதியை உலாவியே பார்த்துக்கொள்ளும், விரலால் விரித்துப் பெரிதாக்கலாம்.

நான்காவது, வரிசையாகப் பின்தொடர்வது. மலையடிவாரத்திலிருந்து குகை வரை ஏறும் பாதை, ஒரு சிலையைச் சுற்றி நாலு பக்கம், மைப்படி எடுக்கும் படிநிலைகள் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பார்த்தால்தான் புரியும் படங்கள். ஸ்லைடுஷோவுக்கு உண்மையான இடம் இங்கேதான்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், "ஸ்லைடுஷோ வேணும்" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது வேறொன்று என்று தெரியவரும். மீதிப் பேருக்குத்தான் அடுத்த பகுதி.

ஸ்கிரிப்ட் இல்லாத எலும்புக்கூடு

எச்டிஎம்எல்-லில் படத்துக்கும் அதன் விளக்கத்துக்கும் ஒரு ஜோடி இருக்கிறது: ஃபிகர், அதற்குள் ஃபிக்கேப்ஷன். ஒவ்வொரு படத்தையும் இப்படி ஒரு ஃபிகருக்குள் போடுங்கள். நாலு விஷயத்தை மட்டும் விடாமல் செய்யணும்.

ஒன்று, ஆல்ட் விளக்கம். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் இதைத்தான் படிக்கும். "படம் 3" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "வலது கையில் வாளும் இடது கையில் வில்லும் ஏந்திய வீரன், தலைக்கு மேல் மூன்று வரி எழுத்து" என்று எழுதினால் அவருக்கும் கல் தெரியும்.

இரண்டு, அகலமும் உயரமும். படத்தின் குறியிலேயே இரண்டு எண்களையும் கொடுத்துவிட்டால், படம் வந்து சேரும் முன்பே உலாவி அதற்கு இடம் ஒதுக்கிவைக்கும். கொடுக்காவிட்டால் படம் வந்து விழும்போதெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கும் வரி கீழே குதிக்கும்.

மூன்று, படத்தின் உண்மையான அளவு. இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கேமராவில் எடுத்த ஒரு படம் 4000-க்கு 3000 பிக்சல் என்று வையுங்கள். கோப்பாக அது 4 எம்பி இருக்கலாம். ஆனால் திரையில் காட்ட உலாவி அதை விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வேண்டும். 4000 பெருக்கல் 3000 பெருக்கல் 4 என்றால் 4 கோடியே 80 லட்சம் பைட், அதாவது 48 எம்பி. பத்துப் படம் என்றால் 480 எம்பி. 2 ஜிபி நினைவகம் உள்ள மொபைல் இதைத் தாங்காமல் பக்கத்தையே மூடிவிட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதே படங்களை 1200-க்கு 900 ஆகக் குறைத்தால் ஒன்றுக்கு 4.3 எம்பி, பத்துக்கும் சேர்த்து 43 எம்பிதான். எந்த ஸ்லைடர் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அது தராது. பெரிய அளவுப் படத்தைத் தனிக் கோப்பாக வைத்து, "முழு அளவில் பார்க்க" என்று இணைப்புக் கொடுத்துவிடலாம்.

நான்கு, தேவைப்படும்போது மட்டும் இறக்குவது. படத்தின் குறியில் லோடிங் என்ற பண்புக்கு லேசி என்று மதிப்புக் கொடுத்தால், வாசகர் அந்த இடத்துக்கு அருகில் வரும்போதுதான் உலாவி அதை இறக்கும். குரோம் இதை 2019-லும், ஃபயர்ஃபாக்ஸ் 2020-லும், சஃபாரி 2022-லும் கொண்டுவந்துவிட்டன. முன்பு இதற்கென்றே தனி ஸ்கிரிப்ட் போடுவோம். படத்தின் உண்மையான முகவரியை வேறொரு பண்பில் ஒளித்துவைத்து, பிறகு ஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுக்கும். அந்தப் பழைய முறையை இன்றைக்கும் சில ஸ்லைடர்களில் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் அங்கே படமே இருக்காது. பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக்காப்பகத்தின் தானியங்கிகள் அந்தப் படங்களைத் தவறவிடவும் வாய்ப்பு அதிகம். முதல் படத்துக்கு மட்டும் லேசி வேண்டாம், அது உடனே வரட்டும்.

இவ்வளவும் செய்தால் ஒரு நீளமான பக்கம் கிடைக்கும். அழகாக இல்லாவிட்டாலும் முழுமையான பக்கம். பிரிண்ட் எடுக்கலாம், சேமிக்கலாம், தேடலாம்.

சிஎஸ்எஸ் மட்டுமே செய்யும் ஸ்லைடுஷோ

இப்போது போர்வை. இதில் பாதி வேலையைச் சிஎஸ்எஸ்ஸே செய்துவிடும் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. எல்லா ஃபிகர்களையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, அந்தப் பெட்டிக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், கிடைமட்ட ஓவர்ஃப்ளோ ஆட்டோ என்று கொடுங்கள். ஒவ்வொரு ஃபிகரும் பெட்டியின் முழு அகலம். அது சுருங்கிவிடாமல் இருக்க ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க் பூஜ்யம். இப்போது படங்கள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும், விரலால் தள்ளினால் நகரும். ஆனால் பாதியில் நிற்கும். அதைச் சரிசெய்யத்தான் ஸ்க்ரோல் ஸ்னாப். பெட்டிக்கு ஸ்க்ரோல்-ஸ்னாப்-டைப் எக்ஸ் மேன்டேட்டரி, ஃபிகருக்கு ஸ்க்ரோல்-ஸ்னாப்-அலைன் ஸ்டார்ட். அவ்வளவுதான். தள்ளிவிட்டால் படம் சரியாக ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். 2019 வாக்கிலேயே முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இது வந்துவிட்டது.

ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் கூட இன்னும் எழுதவில்லை, அதற்குள் மொபைல் வாசகருக்கு ஸ்லைடுஷோ கிடைத்துவிட்டது. விரலுக்கு அது காட்டும் நெகிழ்வை எந்த ஸ்கிரிப்டும் முழுதாக நகலெடுக்க முடியாது, ஏனென்றால் நகர்த்துவது உலாவியேதான்.

இந்த இடத்தில் மூன்று நுணுக்கங்களைக் கவனிக்கணும். முதலாவது, ஆப்ஜெக்ட்-ஃபிட். பெரும்பாலான ஸ்லைடர் மாதிரிகளில் இது 'கவர்' என்று இருக்கும். பெட்டியை நிரப்புவதற்காகப் படத்தின் ஓரத்தை அது வெட்டிவிடும். இயற்கைக் காட்சிக்குப் பரவாயில்லை. கல்வெட்டில் வரியின் கடைசி எழுத்தே போய்விடும். நமக்கு வேண்டியது 'கன்டெய்ன்'. ஓரத்தில் வெற்றிடம் விழுந்தால் விழட்டும்.

இரண்டாவது, தமிழ் விளக்கங்கள். நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தை மனதில் வைத்து உயரம் நிர்ணயித்த கேப்ஷன் பெட்டியில் தமிழ் வரி வழிந்து வெட்டுப்படும், கொம்பும் சுழியும் பாதி தெரியும். பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்காமல், வரி உயரத்தை 1.6 அளவில் விட்டுவிடுங்கள். விளக்கத்தைப் படத்தின் மேலேயே எழுதி ஒரே படமாக ஆக்குவதும் வேண்டாம். தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் அது எழுத்தே இல்லை.

மூன்றாவது, பிரிண்ட். பக்கவாட்டில் நிற்கும் பெட்டியை அச்சிட்டால் முதல் படம் மட்டும்தான் தாளில் வரும். அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் பெட்டியை மறுபடி சாதாரண பிளாக்காக மாற்ற ஒரு வரி எழுதுங்கள். பத்துப் படமும் தாளில் வரும். நம் வாசகர்களில் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு பேனாவால் கோடு போட்டு வாசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் எவ்வளவு தேவை?

மவுஸ் வைத்திருப்பவருக்குப் பக்கவாட்டில் தள்ளுவது சிரமம். அவருக்காக 'முந்தையது', 'அடுத்தது' என்று இரண்டு பட்டன். அழுத்தினால் பெட்டியின் அகலம் அளவுக்கு இடமோ வலமோ நகர்த்தணும். ஸ்க்ரோல்பை என்ற ஒரே கட்டளை போதும். எத்தனையாவது படம் என்று காட்ட, நகர்ந்த தூரத்தைப் பெட்டியின் அகலத்தால் வகுத்து, முழு எண்ணாக்கி, ஒன்று கூட்டினால் ஆச்சு. "3 / 8" என்று காட்டிவிடலாம். மொத்தம் முப்பது நாற்பது வரிக்குள் முடிந்துவிடும்.

இதில் நான் கடைப்பிடிக்கும் சில வழக்கங்கள். பட்டன்களை எச்டிஎம்எல்-லில் மறைத்து வைத்து, ஸ்கிரிப்ட் ஓடினால் மட்டும் வெளியே காட்டுகிறேன். ஓடவில்லை என்றால் வேலை செய்யாத பட்டன் வாசகர் கண்ணில் படாது. பட்டனை உண்மையான பட்டன் குறியாகவே எழுதுகிறேன், அப்போதுதான் விசைப்பலகையில் டேப் தட்டி அதை அடையலாம். வெறும் டிவ்வில் அம்புக்குறி போட்டால் முடியாது. பட்டனின் அளவை 44 பிக்சலுக்குக் குறையாமல் வைக்கிறேன், வயதானவர்களின் விரலுக்கும் அது அகப்படணும். கணினியில் அசைவைக் குறைக்கும்படி அமைத்து வைத்திருப்பவருக்கு, வழுக்கி நகராமல் சட்டென்று மாறும்படி விட்டுவிடுகிறேன். பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்ற சிஎஸ்எஸ் வினவல் அதைச் சொல்லிவிடும்.

கடைசிப் படத்துக்குப் பிறகு மறுபடி முதல் படத்துக்குச் சுற்றி வரும் வசதியை நான் போடுவதில்லை. முடிவில்லாமல் சுற்றினால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டோமா என்றே வாசகருக்குத் தெரியாது. அதோடு, சுற்றுவதுபோல் காட்டுவதற்காக முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் நகலெடுத்து ஒட்டிவைக்கும் லைப்ரரிகள் உண்டு. திரைவாசிப்பானில் கேட்பவருக்கு அதே படம் இரண்டு தடவை வரும் அபாயம் அதில் இருக்கிறது.

இன்னொன்று, ஒவ்வொரு ஃபிகருக்கும் ஒரு ஐடி. இதன் அருமை பேசும்போதுதான் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்பார்: "தம்பி, அஞ்சாவது படத்துல மூணாவது வரி கடைசி எழுத்து எனக்கு வேற மாதிரி தெரியுதே, பாத்தீங்களா?" "இருங்கய்யா, லிங்க் அனுப்புறேன்" என்று பக்க முகவரிக்குப் பின்னால் அந்த ஐடியைச் சேர்த்து அனுப்பினால், அவர் மொபைலில் நேராக அதே படம் திறக்கும். ஸ்க்ரோல் ஸ்னாப் முறையில் இதற்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. உலாவியே அந்தப் படத்தைத் தேடி நகர்த்திக் காட்டும். ஒரு படத்தைச் சுட்ட முடியாவிட்டால் அதைப் பற்றி விவாதிக்கவும் முடியாது.

இந்தப் பட்டன்களையும் புள்ளிகளையும் கூட சிஎஸ்எஸ்ஸே செய்யும் காலம் வந்துகொண்டிருக்கிறது. 2025-இல் வந்த குரோம் 135-இல் ஸ்க்ரோல்-பட்டன், ஸ்க்ரோல்-மார்க்கர் என்ற வசதிகள் சேர்ந்திருக்கின்றன. எல்லா உலாவிகளிலும் வரும்வரை நம் நாற்பது வரி இருக்கட்டும்.

லைப்ரரி வேண்டும் என்றால்

சில சமயம் லைப்ரரி தேவைதான். திரை முழுக்க விரித்து, விரலால் பெரிதாக்கி, இழுத்துப் பார்க்கும் வசதியைச் சொந்தமாக எழுதுவது சுலபமில்லை. அந்த வேலைக்கு ஃபோட்டோஸ்வைப் நல்லது, எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. வரிசை ஸ்லைடுஷோவுக்கு ஸ்ப்ளைட், ஸ்வைப்பர் போன்றவை இருக்கின்றன. இவையும் எம்ஐடிதான், ஜேக்வெரி தேவையில்லை. ஃப்ளிக்கிட்டியைப் பயன்படுத்தும் முன் உரிமத்தைப் பாருங்கள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, அல்லது காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம்.

எதை எடுத்தாலும் அதன் ஆயுளை யோசிக்கணும். இந்தத் துறையில் பெயர்கள் வேகமாக மாறும். 2005-இல் லோகேஷ் தாக்கர் எழுதிய லைட்பாக்ஸ் எல்லோரையும் வியக்கவைத்தது. 2006-இல் ஜேக்வெரி வந்தது. அதன்மேல் நூற்றுக்கணக்கான ஸ்லைடர்கள் முளைத்தன. 2014-இல் வந்த ஸ்லிக், இனிமேல் வேறு கேரசலே தேவைப்படாது என்று சொல்லிக்கொண்டுதான் வந்தது. 2017-க்குப் பிறகு அதன் வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது. பழைய தளங்களில் ஃப்ளாஷில் செய்த புகைப்பட ஆல்பங்கள் இருந்தன, நினைவிருக்கிறதா? அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷ் ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் அந்த உள்ளடக்கத்தை ஓட்டவே மறுத்தது. ஃப்ளாஷுக்குள் மட்டும் படங்களை வைத்திருந்த பக்கங்களில் இன்றைக்கு ஒரு சாம்பல் கட்டம்தான் மிச்சம். வெறும் எச்டிஎம்எல்-லில் 1990-களில் போட்ட படங்களோ இன்றைக்கும் திறக்கின்றன.

அடுத்தது, லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. மாதிரிப் பக்கங்களில் வேறொரு சர்வரிலிருந்து நேராக இழுக்கும்படி ஒரு வரி கொடுத்திருப்பார்கள். ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அந்த சர்வர் நாளை யார் கைக்குப் போகும்? பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரி 2024 பிப்ரவரியில் கைமாறியது. ஜூன் மாதம் அதிலிருந்து தீங்கான நிரல் வருவது வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை இழுத்துக்கொண்டிருந்தன. அந்தத் தளக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதனால் லைப்ரரிக் கோப்பை இறக்கி உங்கள் சர்வரிலேயே வையுங்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே ஒரு சின்னக் குறிப்புக் கோப்பும் வையுங்கள்.

எடையையும் பாருங்கள். ஜேக்வெரி சுருக்கி அனுப்பும் நிலையிலேயே சுமார் 30 கேபி. அதன்மேல் ஸ்லைடர், அதன் ஸ்டைல் கோப்பு, அம்புக்குறிக்கு ஒரு எழுத்துரு என்று சேரும். ஒரே ஒரு ஸ்லைடுஷோவுக்காக இத்தனையும் வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் பத்து நிமிடச் சோதனை

எந்த ஸ்லைடர் பிடித்திருந்தாலும் அதன் மாதிரிப் பக்கத்தைத் திறந்து இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்.

1. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறங்கள். படங்கள் தெரிகின்றனவா? ஸ்ப்ளைட் போன்ற சிலவற்றில், ஸ்கிரிப்ட் தயாராகும்வரை ஸ்டைல் கோப்பே எல்லாவற்றையும் மறைத்து வைத்திருக்கும். நோஸ்கிரிப்ட் பகுதியில் ஒரு வரி எழுதி அதைத் திறந்துவிடலாம்.

2. மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப், என்டர், அம்புக்குறி விசைகளால் மட்டும் கடைசிப் படம் வரை போக முடிகிறதா? இப்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறதா?

3. உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறையுங்கள். முதல் படம் எப்போது வருகிறது? படம் வரும்போது எழுத்து குதிக்கிறதா?

4. மொபைலைக் குறுக்காகத் திருப்புங்கள். படம் முழுசாகத் தெரிகிறதா, தலை வெட்டுப்படுகிறதா?

5. பிரிண்ட் முன்னோட்டம் பாருங்கள். எத்தனை படம் வருகிறது?

முதல் சோதனையில் தோற்றால், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற நாலைப் பார்க்கவே வேண்டாம்.

நான் எதைப் பயன்படுத்துகிறேன்?

என் குறிப்புகளில் வரிசைப் படங்களுக்கு ஸ்க்ரோல் ஸ்னாப்பும் மேலே சொன்ன நாற்பது வரியும். மைப்படியும் புகைப்படமும் அருகருகே, ஸ்லைடுஷோ இல்லாமல். பெரிதாக்கிப் பார்க்க முழு அளவுக் கோப்புக்கு ஒரு நேரடி இணைப்பு. லைப்ரரி எதுவும் இல்லை. இதைவிட அழகாகச் செய்யலாமா என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் நாம் படம் எடுக்கும் கற்கள் பலவும் வயலோரத்திலும் சாலையோரத்திலும் கிடப்பவை. சாலையை அகலப்படுத்தும்போது நகர்த்தப்படும், மேலே சுண்ணாம்பு பூசப்படும், சில உடைந்து அடித்தளத்துக்குள் போய்விடும். அப்படிப் போன பிறகு யாரோ ஒரு மாணவர், பதினைந்து வருடம் கழித்து, இன்றைக்கு நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஏதோ ஒரு கருவியில் அந்தப் பக்கத்தைத் திறப்பார். அன்றைக்கு நான் போட்ட ஸ்லைடுஷோ வேலை செய்யாமல் போகலாம். கீழே எட்டுப் படமும், எட்டு விளக்கமும், எடுத்த தேதியும், ஊர்ப்பெயரும் வரிசையாக இருந்தால் அவருக்குப் போதும்.

இந்த வாரம் உங்கள் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஸ்லைடுஷோ ஒன்றை எடுத்து, முதல் சோதனையை மட்டும் செய்து பாருங்கள். படங்கள் மறைந்துவிட்டால், ஸ்லைடுஷோவை மாற்றும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே எல்லாப் படங்களுக்கும் சாதாரண இணைப்புகளாக ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள், இன்றைக்கே முடிந்துவிடும்.